ட்ரிப் ஆகிறதா? சந்தோஷப்படுங்கள்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் அடுக்ககத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு குரல் கேட்கும். "கரண்ட் போயிடுச்சா?" எதிர் வீட்டிலிருந்து பதில் வரும். "எங்க வீட்ல இருக்கே!" ஏழு மாதம் சும்மா கிடந்த கீசரை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிடும். பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் சரி, அடுத்த ஐந்து நிமிஷத்தில் நம் வீட்டு மணி அடிக்கும். "சார், நீங்க ஈ.பி.ல இருந்தவர்தானே, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போவேன். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடுவேன். வீட்டில் விளக்கு எரியும். பிறகு ஒன்றே ஒன்று சொல்வேன். "இதைச் சரிபண்ணாமல் திரும்பப் போடாதீர்கள்." பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் என்ன செய்வார்கள் என்பதை போன வருஷம் என் சொந்த வீட்டிலேயே பார்த்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் நான் கும்பகோணம் போயிருந்தேன், ஒன்றுவிட்ட அண்ணாவின் சதாபிஷேகத்துக்கு. பேரக் குழந்தைகள் வரப்போகிறார்களே, வெந்நீர் வேண்டுமே என்று என் மனைவி கீசரைப் போட்டிருக்கிறாள். டப்பென்று வீடு முழுக்க இருட்டு. பிரிட்ஜில் தீபாவளிக்காக வாங்கி வைத்த சாமான், மாவு எல்லாம். பதறிப்போய், தெருமுனையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் வந்து பார்த்துவிட்டு, "ட்ரிப்பர் வீக்காயிடுச்சும்மா, அதான் சும்மா சும்மா விழுது" என்று சொல்லி, அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டான். அதற்கப்புறம் ட்ரிப் ஆகவே இல்லை. வெந்நீர் ஜோராக வந்தது. தீபாவளி நல்லபடியாக நடந்தது. நான் ஊரிலிருந்து வந்த களைப்பில் எதையும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் காபி குடிக்கும்போது சொன்னாள். "ஏங்க, பாத்ரூம் குழாயைத் திருகறப்ப விரல்ல எறும்பு கடிக்கற மாதிரி இருக்கு. பத்து நாளா இருக்கு. சுகர்னால நரம்பு ஏதாவது ஆயிருக்குமோ? அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேக்கணும்."

எனக்குக் காபி இறங்கவில்லை. போய் டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். எரிந்தது.

பத்து நாளாக ஈரத் தரையில், ஈரக் கையோடு, கரண்ட் வரும் குழாயைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறாள், சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டு. அதுவும் முப்பத்துநாலு வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன் வீட்டில்.

மெயினை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலாவது, கீசரின் எலிமென்ட் லீக். மெகர் வைத்துப் பார்த்தால் முள் பூஜ்ஜியத்தின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. இரண்டாவது, ப்ளக்குக்குள் எர்த் வயர் துருப்பிடித்து அறுந்து தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ. மூன்றாவதுதான் அந்தப் பையனின் கைவேலை. ட்ரிப்பருக்கு முன்னாலிருந்தே பேஸ், நியூட்ரல் இரண்டையும் தனியாக எடுத்து நேராகக் கீசருக்குக் கொடுத்திருந்தான். அதாவது வீட்டில் எல்லாவற்றையும் காவல் காக்கிற ஆள், கீசரை மட்டும் பார்க்கவே முடியாதபடி கண்ணைக் கட்டிவிட்டான்.

எங்கள் பாத்ரூமில் சில வருஷம் முன்புதான் பழைய ஜி.ஐ. பைப்பை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. போட்டோம். பிளாஸ்டிக் பைப் கரண்டைக் கடத்தாது. உள்ளே இருக்கும் தண்ணீர் வழியாகத்தான் வரவேண்டும். மெல்லிய தண்ணீர்த் தாரை ஒரு மீட்டர் நீளம் என்றால் அது பல ஆயிரம் ஓம் தடை. அதனால்தான் எறும்புக்கடியோடு போயிற்று. பழைய இரும்புப் பைப்பே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

இந்த ட்ரிப்பர் என்பது என்ன என்று பலருக்கும் தெரியவில்லை. படித்தவர்களுக்கும்தான். போர்டில் இரண்டு விதமான சுவிட்ச் இருக்கும். எம்.சி.பி. என்பது பழைய பியூஸுக்குப் பதில் வந்தது. அது காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. கீசருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி., அதற்குமேல் கரண்ட் போனால்தான் விழும். மனிதன் உயிரை எடுக்க 16 ஆம்பியர் வேண்டாம். அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். ஒரு ஆள் கரண்டில் மாட்டிக்கொண்டு துடித்தாலும் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான்.

ஆர்.சி.சி.பி. என்பது வேறு. டெஸ்ட் என்று எழுதிய சின்னப் பொத்தான் அதில் இருக்கும். பேஸில் எவ்வளவு கரண்ட் போகிறது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வேலை. நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினால் கணக்கு நூறு ரூபாய்க்கு வரவேண்டும். நடுவில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எர்த்திலோ, குழாயிலோ, யாருடைய உடம்பு வழியாகவோ வேறு எங்கோ போகிறது என்று அர்த்தம். கண் சிமிட்டும் நேரத்தில் துண்டித்துவிடும். அது "சும்மா சும்மா" விழாது. பழுதாகி விழுவதும் உண்டுதான், ஆனால் என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது தடவை அது உண்மையைத்தான் சொல்கிறது.

"எர்த் இருந்தால் போதாதா சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. கீசரில் பெரிய லீக் என்று வையுங்கள். உங்கள் எர்த் குழி கோடையில் காய்ந்து அதன் தடை 20 ஓம் ஆகிவிட்டது. 230 வோல்ட்டை 20 ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. லீக்கான கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அது மட்டுமில்லை, அதே எர்த்தில் சேர்ந்திருக்கும் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறி நிற்கும். ஆக, எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று பதில் கிடையாது.

"நாங்க கீசரை ஆஃப் பண்ணிட்டுத்தான் குளிப்போம்" என்று பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் நம் வீட்டுச் சாதாரண சுவிட்ச் ஒரு வயரைத்தான் துண்டிக்கும். வயரிங் செய்தவர் பேஸுக்குப் பதில் நியூட்ரலை சுவிட்சில் கொடுத்திருந்தால் (அப்படி எத்தனை வீடு பார்த்திருக்கிறேன்!) சுவிட்சை அணைத்தாலும் கீசருக்குள் கரண்ட் நின்றுகொண்டுதான் இருக்கும். கீசருக்கு இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்சே சரி.

ஏன் மழைக்காலத்தில் மட்டும் இப்படி ஆகிறது என்றால், எலிமென்ட் என்பது ஒரு உலோகக் குழாய். நடுவில் கம்பிச் சுருள். சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. அந்தப் பொடிக்கு உப்பு ஜாடி மாதிரி குணம், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேல் குழாயில் மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தாலும் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்போது ஈரம் உள்ளே போய்விடும். முதல் நாள் போடும்போது ட்ரிப்.

எங்கள் தாத்தா வீட்டில், திருவாரூர்ப் பக்கம், செப்பு பாய்லர் இருந்தது. நடுவில் கரி போடும் குழாய், சுற்றிலும் தண்ணீர். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் விட்டால், அது அடிக்குப் போய், மேலே இருக்கும் வெந்நீரை மூக்கு வழியாகத் தள்ளிவிடும். ஒரு சொம்பு உள்ளே, ஒரு சொம்பு வெளியே. தண்ணீர் இல்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது என்பது எட்டு வயசுப் பையனுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்ப்பது அத்தையின் வேலை. இன்றைக்குச் சுவரில் தொங்கும் கீசரும் அதே பாய்லர்தான். வெந்நீர்க் குழாயைத் திறந்தால், கீழே நுழையும் பச்சைத்தண்ணீர்தான் மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளுகிறது. கரிக்குப் பதில் கரண்ட். என்ன வித்தியாசம் என்றால், பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கீசரைப் பற்றி நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெள்ளைப் பெட்டி, சிவப்பு விளக்கு. அவ்வளவுதான்.

அப்புறம் அந்தச் சொட்டு. கீசருக்குப் பச்சைத்தண்ணீர் நுழையும் இடத்தில் பித்தளையில் ஒரு வால்வு இருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன மூக்கு. கீசர் போட்டால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். எங்கள் மூன்றாவது மாடிக்காரர் இது பெரிய தொல்லை என்று, எம்-சீல் வைத்து அடைத்திருந்தார். என்னிடம் பெருமையாகக் காட்டினார் வேறு. "பாருங்க சார், பிளம்பருக்கு ஒரு பைசா குடுக்கல."

தண்ணீர் சூடானால் பெருகும். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு, கூடிவிடும். டாங்க் நிறைந்திருக்கிறது. அந்த வால்வு, உள்ளே போன தண்ணீரைத் திரும்ப வர விடாது. தண்ணீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? அதற்குத்தான் அந்த மூக்கு. எங்கள் கீசரில் 8 பார் அழுத்தம் தாங்கும் என்று போட்டிருக்கிறது. அதைத் தாண்டுவதற்குள் வால்வு திறந்து சொட்ட வேண்டும். அது தவறு அல்ல, அதன் உத்தியோகமே அது. கீசர் அணைந்திருக்கும்போதும் நாள் முழுக்க ஒழுகினால்தான் வால்வில் உப்பு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் மாற்ற வேண்டும்; அடைக்கக் கூடாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூப் மாட்டி அதை வடிகால் பக்கம் திருப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. தெர்மோஸ்டாட் கெட்டுப்போய் அணையாமல் கொதித்துக்கொண்டே போனால் தடுப்பதற்காகத் தெர்மல் கட்-அவுட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது விழுந்துவிட்டால் கீசர் சூடாகாது. சில மெக்கானிக்குகள் ஒரு துண்டு வயரை வைத்து அதைத் தாண்டிவிடுவார்கள். "சரியாயிடுச்சு சார்." கீழே வால்வும் அடைத்திருந்தால்? மூடிய டாங்கில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கும். டாங்க் எங்காவது விட்டுக்கொடுக்கும் அந்த நொடியில் அது ஆவியாக மாறும், சுமார் 1,600 மடங்கு இடம் கேட்டுக்கொண்டு. பாத்ரூமில் அத்தனை இடம் ஏது?

மூன்றாவது மாடிக்காரரிடம் இதைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. அன்று சாயங்காலமே புது வால்வு வாங்கி வந்துவிட்டார். நல்ல மனிதர்.

நான் சொல்ல வருவது இதுதான். கீசரில் நமக்கு எரிச்சல் தருகிற விஷயங்கள் மூன்று: விழுவது, சொட்டுவது, சூடாகாமல் நின்றுவிடுவது. மூன்றும் நம் உயிரைக் காக்க வைத்தவை. நாமோ காசு கொடுத்து ஆள் கூப்பிட்டு அந்த மூன்றையும்தான் முதலில் வாயடைக்கச் சொல்கிறோம். சர்வீஸில் இருந்த காலத்தில், பியூஸ் போனதும் தடித்த கம்பியை முறுக்கிப் போடும் ஆட்களை நான் திட்டாத நாளில்லை. ஆனால் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, பொதுத்தேர்வு சமயத்தில் பெரியவன் படிக்கிறான் என்று நானே ஒருநாள் ராத்திரி இரட்டைக் கம்பி போட்டிருக்கிறேன். ஆகவே யாரையும் குறை சொல்லும் தகுதியோடு இதை எழுதவில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கீசருக்குள் ஆனோடு ராடு என்று மக்னீசியத்தில் ஒரு கம்பி தொங்கும். டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். எங்கள் போர்த் தண்ணீர் பருப்பு வேகாத தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நாங்கள் வருஷா வருஷம் சர்வீஸ் கான்ட்ராக்ட் கட்டிக்கொண்டிருந்தோம். ஆள் வருவார், வெளியே துணியால் துடைப்பார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இந்தக் கலாட்டாவுக்குப் பிறகு திறந்து பார்த்தால் கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பி, சைக்கிள் போக்குக் கம்பி மாதிரி இருந்தது. அடியில் இரண்டு கை அள்ளும் அளவுக்குச் சுண்ணாம்புச் செதில். அந்தச் செதில் எலிமென்டைப் போர்த்திக்கொண்டால் சூடு தண்ணீருக்குப் போகாது. எலிமென்ட் தானே வெந்து வெடிப்பு விடும். கீசர் போட்டதும் உள்ளே பொரி வறுக்கிற மாதிரி சத்தம் வந்தால் அதுதான். சர்வீஸுக்கு ஆள் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன், "அந்த ராடைக் காட்டுப்பா" என்று கேளுங்கள். ஒரு கேள்வி போதும், நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்.

சூட்டைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். எங்கள் வீட்டில் 60-ல் வைத்திருக்கிறோம். 2 கிலோவாட் எலிமென்டுக்கு 15 லிட்டர் அந்தச் சூட்டுக்கு வர 17 நிமிஷம். அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. அந்த 15 லிட்டரோடு பச்சைத்தண்ணீர் கலந்தால் இரண்டு பக்கெட் குளிக்கிற தண்ணீர் தேறும். காலையில் எழுந்ததும் போட்டுவிட்டுப் பேப்பர், காபி, சுப்ரபாதம் எல்லாம் முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போகவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் 60 டிகிரி தண்ணீர் நேராகப் பட்டால் நம் வயதுத் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகுதான் வெந்நீர். பேரப் பிள்ளைகள் வரும்போது இதை எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொள்வேன்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பாத்ரூமுக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போனவர்கள் மயங்கி விழுந்து, திரும்பாமலே போனதுண்டு. பெட்டி வெளியே பால்கனியில் இருக்கட்டும், தண்ணீர் மட்டும் உள்ளே வரட்டும்.

எங்கள் வீட்டில் என்ன செய்தேன் என்றால், எலிமென்ட், ராடு, வால்வு மூன்றும் மாற்றினேன். கீசருக்கென்று தனியாக ஆர்.சி.பி.ஓ. ஒன்று போட்டேன். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டின் வேலையையும் அது ஒன்றே செய்யும். இனி கீசர் தகராறு செய்தால் கீசர் மட்டும்தான் அணையும், பிரிட்ஜும் விளக்கும் ஓடிக்கொண்டிருக்கும். யோசித்துப் பார்த்தால் வீடு முழுக்க இருட்டானதால்தானே என் மனைவி பதறினாள். மொத்தச் செலவு, போன தீபாவளிக்கு அவளுக்கு எடுத்த பட்டுப்புடவையில் பாதிகூட இல்லை.

ட்ரிப் ஆனால் எதனால் என்று கண்டுபிடிப்பதும் சுலபம். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, கீசர், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று ப்ளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, நியூட்ரல் பக்கம் லீக் இருந்தாலும் விழும். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. கீசர்தான் என்று தெரிந்தால் அன்றைக்கு அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியுங்கள்.

அந்த எலக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். சத்தம் போட வேண்டும் என்றுதான் இருந்தேன். அறுந்த எர்த் வயரையும் டெஸ்டர் எரிவதையும் காட்டியதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்.

"தப்புதான் சார். ஆனா எல்லா வீட்லயும் ‘எப்படியாவது ட்ரிப் ஆகாம பண்ணிக் குடுப்பா’ன்னுதான் சொல்றாங்க. மாட்டேன், ரிப்பேர் பாக்கணும்னா, ‘உனக்கு வேலை தெரியல’ன்னு வேற ஆளக் கூப்பிட்டுக்கறாங்க."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து, "நானும் அப்படித்தாம்ப்பா சொன்னேன்" என்றாள்.

இப்போதெல்லாம் மாதம் பிறந்தால் முதல் தேதி காலையில் டெஸ்ட் பொத்தானை அமுக்குவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ட்ரிப்பரை மாற்ற வேண்டும். இந்த மாதம் அவளே ஸ்டூல் இல்லாமல் எட்டி அமுக்கினாள். விழுந்தது. நான் கம்ப்யூட்டரில் இந்தக் கட்டுரையை முக்கால்வாசி டைப் அடித்திருந்தேன், சேமித்திருக்கவில்லை. முழுக்க இரண்டாம் முறை அடித்ததுதான் நீங்கள் இப்போது படித்தது.